மூணாம் மாடி, ஒழுகும் பாத்ரூம், ஓடாத லிஃப்ட்: வாடகைக்காரன் யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாம்மாடி | ஜனவரி 18, இரவு 10.40

மேடவாக்கத்தில் ஒரு அப்பார்ட்மென்டில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் இருக்கும் கார் நிறுத்தும் தளம்) மேல் நாலு மாடி, 32 வீடு. வாடகை 19,000, மெயின்டனன்ஸ் 2,800, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். வந்து பதினாலு மாதம் ஆகிறது. வாடகை ஒரு மாதம்கூட ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் பாத்ரூம் சீலிங்கில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம் தெரிந்தது. மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் அது தோசை அளவுக்கு விரிந்து, ஓரமெல்லாம் தோசை மாதிரியே பழுப்பேறிவிட்டது. கார்த்திகை தீபத்தன்று சொட்ட ஆரம்பித்தது. பொங்கலும் போயாச்சு, இன்னும் சொட்டுகிறது. கீழே ஒரு நீல வாளி வைத்திருக்கிறோம். ராத்திரியில் வாளிக்குள் பழைய துண்டு ஒன்றைப் போட்டுவிடுவோம், இல்லாவிட்டால் அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. சொட்டு விழும் இடத்துக்கும் கீசர் சுவிட்சுக்கும் ஒரு சாண்தான் தூரம். கீசர் போடுவதை நிறுத்திவிட்டு அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஹவுஸ் ஓனர் புனேயில் இருக்கிறார். அவரிடம் சொன்னால், "அசோசியேஷன்ல சொல்லுங்க." அசோசியேஷன் செகரட்டரியிடம் போனால், "டெனன்ட் கம்ப்ளெயின்ட் நாங்க எடுக்கிறதில்லை, உங்க ஓனரை மெயில் போடச் சொல்லுங்க." ஓனர் மெயில் போட்டாராம். அதற்கு, "இது மேல் வீட்டுப் பிரச்சினை, நீங்க ரெண்டு ஓனரும் பேசிக்கோங்க." மேல் வீட்டிலும் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள், பாவம். அவர்கள் ஓனர் மஸ்கட்டில். இவர்கள் போன் செய்தால் அவர் எடுப்பதில்லை.

அடுத்தது லிஃப்ட். டிசம்பர் 6-இல் நின்றது, இன்றோடு 43 நாள். அம்மாவுக்கு செப்டம்பரில்தான் முழங்கால் ஆபரேஷன் நடந்தது. பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு தடவை இறங்கி ஏற வேண்டும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன், அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மீதிப் படி. லிஃப்ட் கதவில் "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். பழையது கிழிந்துவிட்டது என்று போன வாரம் புதுத் தாள் ஒட்டினார்கள்.

வாடகையில் பிடித்தம் செய்யலாமா? மெயின்டனன்ஸ் கட்டாமல் நிறுத்தலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

லோக்கல்தாம்பரம் | ஜனவரி 18, இரவு 11.05

காலி பண்ணிட்டுப் போங்க சார். இந்த ஊர்ல வீடா கிடைக்காது?

மூன்றாம்மாடி | ஜனவரி 18, இரவு 11.12

புது வீட்டுக்கு அட்வான்ஸ், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, வண்டிக் கூலி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் முன்னால் எடுத்து வைக்க வேண்டும். இங்கே கொடுத்த ஒன்றரை லட்சம் கைக்கு வந்த பிறகல்லவா அந்தப் பேச்சு. அதோடு பையன் பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது.

கோர்ட்டுவாசல் | ஜனவரி 19, காலை 7.30

வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கிறேன், வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. யார் எந்த ரிப்பேரைச் செய்ய வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணையில் பட்டியலே இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேர், வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் இதெல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், ஃபிளஷ், வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பூட்டு, கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர் தலையில். ஆகவே "டேப் வாஷர்கூட மாத்த மாட்டேங்கிறார்" என்று ஓனரைத் திட்டுபவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

ஓனர் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. ஒரு மாதத்தில் கழிப்பது பாதி வாடகையைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு 9,500 வரை. ஆனால் முதலில் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். போனில் பேசியது எதற்கும் உதவாது. வாட்ஸ்அப்பாவது இருக்கட்டும், இமெயில் இன்னும் நல்லது.

உங்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. ஒழுகல் தொடங்குவது உங்கள் ஓனருடைய வீட்டில் இல்லை. மஸ்கட்காரர் வீட்டுத் தரையை நீங்கள் எப்படி உடைப்பீர்கள்? சட்டம் கையில் இருந்தாலும் சுத்தியலை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

ஒப்பந்தம் பதிவு செய்தீர்களா? புதுச் சட்டப்படி எவ்வளவு குறுகிய கால வாடகையாக இருந்தாலும் எழுத்தில் போட்டு ரென்ட் அத்தாரிட்டியிடம் பதிய வேண்டும், அதற்கு இணையதளம் இருக்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் ரென்ட் அத்தாரிட்டி.

மூன்றாம்மாடி | ஜனவரி 19, காலை 8.02

பதிவா? புரோக்கர் 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் பதினோரு மாதத்துக்கு டைப் அடித்துக் கொடுத்தார், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதுவும் மூன்று மாதம் முன்பே முடிந்துவிட்டது. ஓனர் வாயால் "கன்டினியூ பண்ணுங்க" என்று சொன்னதோடு சரி, வாடகையை மட்டும் ஆயிரம் ஏற்றினார்.

அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

கோர்ட்டுவாசல் | ஜனவரி 19, காலை 8.20

உண்மைதான், ஆனால் "ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய" என்று ஒரு வால் இருக்கிறது. எல்லாரும் அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதம், பத்து மாதம் வாங்குகிறார்கள்.

பழையசெகரட்டரி | ஜனவரி 19, காலை 10.15

நான் ஐந்து வருடம் ஒரு அசோசியேஷனில் செகரட்டரியாக இருந்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவன். எல்லாரும் செகரட்டரியைத் திட்டுகிறீர்கள். அந்தக் கணக்கையும் ஒரு தடவை பாருங்கள்.

எங்களுடையது 36 வீடு, மெயின்டனன்ஸ் 2,500. எல்லாரும் கட்டினால் 90,000. ஆனால் ஏழு வீடு கட்டாது. அதில் மூன்று பேருக்கு பில்டரோடு கேஸ், இரண்டு பேர் பூட்டிப் போட்டிருக்கிறார்கள், மீதி இரண்டு பேர் சும்மா வீம்பு. ஆக கையில் வருவது 72,500. வாட்ச்மேன் இரண்டு பேருக்கு 32,000, பெருக்கும் அம்மாவுக்கு 9,000, பொது கரன்ட் 14,000, லிஃப்ட் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) மாதம் 4,500, ஜெனரேட்டர் டீசல் 3,000. மிச்சம் 10,000. இதில் மோட்டார் ரிப்பேர், கழிவுநீர் லாரி, ஏப்ரல் மே வந்தால் தண்ணீர் லாரி. கரன்ட் கணக்கும் முன்பு மாதிரி இல்லை. 2022 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டு மீட்டருக்கு யூனிட் 8 ரூபாய் ஆக்கினார்கள். அடுத்த வருடம் சலுகை கொடுத்தார்கள், அதுவும் பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்குத்தான். லிஃப்ட் இருக்கும் எங்களுக்கு என்ன பிரயோசனம்?

ஒரு நாள் லிஃப்டில் டிரைவ் போர்டு போய்விட்டது. 85,000 எஸ்டிமேட். ஏ.எம்.சி. என்றால் எல்லாம் அதற்குள் அடக்கம் என்று நினைக்காதீர்கள். எங்களுடையது உதிரி பாகம் சேராத ஏ.எம்.சி., ஆள் வந்து எண்ணெய் போட்டு, துடைத்துவிட்டுப் போவதற்கு மட்டும். வீட்டுக்கு 2,400 வசூல் போட்டேன். தரைத்தளத்துக்காரர்கள் "நாங்க லிஃப்டே ஏறுறதில்லை" என்றார்கள். முதல் மாடிக்காரர் "பாதி தர்றேன்" என்றார். எழுபது நாள் ஆனது. அந்த எழுபது நாளும் என்னை வாட்ஸ்அப்பில் கிழித்தவர்களில் பாதிப் பேர் பணம் கட்டாதவர்கள்.

உங்கள் செகரட்டரியும் இதே இடத்தில்தான் நிற்பார் என்று நினைக்கிறேன். போய்ச் சண்டை போடாமல், எஸ்டிமேட் எவ்வளவு, எத்தனை வீடு பாக்கி என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாம்மாடி | ஜனவரி 19, மதியம் 1.30

சார், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா? "நீங்க மெம்பர் இல்லை" என்கிறார் எங்கள் செகரட்டரி. மாதா மாதம் 2,800 நான்தான் கட்டுகிறேன். அதை வாங்கும்போது மட்டும் நான் மெம்பராகத் தெரிகிறேன் போல.

காரப்பாக்கம்அக்கா | ஜனவரி 19, மதியம் 2.10

எங்கள் பில்டிங் கதையைக் கேளுங்கள் தம்பி. ஓனர்களுக்கு மட்டும்தான் வாட்ஸ்அப் குரூப். ஒரு நாள் காலை எட்டு மணி, தலைக்கு ஷாம்பு போட்டு நிற்கிறேன், தண்ணீர் நின்றுவிட்டது. மேல் தொட்டி கழுவுகிறார்களாம். முந்தின நாளே குரூப்பில் போட்டார்களாம். எங்கள் ஓனர் நியூஜெர்சியில். அவர் அதைப் பார்த்து எனக்கு ஃபார்வர்ட் செய்தது மறுநாள் சாயங்காலம். ஆறு மாடி மேலே இருக்கும் தொட்டியைக் கழுவுகிற சேதி அமெரிக்கா சுற்றி வந்தது.

அப்புறம் நாங்கள் வாடகைக்காரர்கள் பதினோரு வீடு சேர்ந்து தனிக் குரூப் ஆரம்பித்தோம். எல்லாரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, அவரவர் ஓனருக்கும் நகல் அனுப்பி, செகரட்டரி கையில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கினோம். தனியாகப் போனால் "உங்க ஓனரைக் கூப்பிடுங்க" என்பார்கள். பதினோரு பேர் போனபோது நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள்.

மெயின்டனன்ஸை மட்டும் நிறுத்தாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி நாலு மாதம் நிறுத்தினான். காலி செய்யும் நாளில் பாக்கியைக் கட்டினால்தான் கேட் திறப்போம் என்று லாரியை உள்ளே விடவில்லை. சாமானெல்லாம் ஸ்டில்ட்டில் கிடக்க, மதியம் மூன்று மணிக்கு ஜி.பே. செய்துவிட்டுப் போனான்.

குழாய்வேலை | ஜனவரி 19, இரவு 9.45

இருபது வருடமாக பிளம்பிங் கான்ட்ராக்ட். சட்டத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால் கீசர் சர்க்யூட்டின் எம்.சி.பி.யை (அந்த லைனுக்கே கரன்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

சொட்டு 24 மணி நேரமும் ஒரே மாதிரி விழுகிறதா, மேலே குளித்த பிறகு கூடுகிறதா? ஒரே மாதிரி என்றால் தண்ணீர் வரும் லைனில் கசிவு, அதில் எப்போதும் அழுத்தம் இருக்கும். குளித்த பிறகு கூடினால் தண்ணீர் போகும் வழியில் கோளாறு. பெரும்பாலும் நானி ட்ராப் (தரையில் தண்ணீர் வடியும் ஓட்டையில் பதித்திருக்கும் பாகம்) ஓரம் அல்லது டைல்ஸ் இடுக்கு.

ஆனால் ஒரு குழப்பம் வரும். நம் ஊர் அப்பார்ட்மென்ட்களில் பாத்ரூம் தரையை ஒரு அடி பள்ளமாகப் போட்டு, அதற்குள் பைப் ஓட்டி, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். கசியும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி நின்றுதான் கீழே இறங்கும். மேலே இரண்டு நாள் யாரும் குளிக்காவிட்டாலும் உங்களுக்குச் சொட்டும். சரிசெய்த பிறகும் பத்து, பதினைந்து நாள் சொட்டும். அதைப் பார்த்துவிட்டு "வேலை சரியில்லை" என்று என் மாதிரி ஆட்களிடம் சண்டைக்கு வருவார்கள்.

மேல் வீட்டுக்காரர்கள் ஒத்துழைத்தால், நானி ட்ராப்பைத் துணியால் இறுக அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து ராத்திரி முழுக்க விடச் சொல்லுங்கள். காலையில் தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தால் தரையில் கசிவு. இறங்கவே இல்லையென்றால் தரை பழுதில்லை, அடைத்து வைத்த ட்ராப்பிலோ பைப்பிலோதான் கோளாறு. உங்கள் வாளியிலும் பாருங்கள்.

யாராவது வந்து உங்கள் சீலிங்கில் கெமிக்கல் அடித்துத் தருகிறேன் என்றால் அனுப்பிவிடுங்கள். கீழே அடைத்தால் தண்ணீர் பக்கத்துச் சுவருக்குப் போகும், அவ்வளவுதான்.

மூன்றாம்மாடி | ஜனவரி 21, காலை 6.50

நேற்று ராத்திரி செய்தோம். மேல் வீட்டில் இருப்பது இரண்டு நர்ஸ் பெண்கள். "அண்ணா, எங்களுக்கும் கேவலமாத்தான் இருக்கு, என்ன செய்யறதுன்னு தெரியல" என்று அவர்களே துணி கொண்டு வந்து அடைத்தார்கள். காலையில் மட்டம் முக்கால் அங்குலம் இறங்கிவிட்டது. எங்கள் வாளியில் துண்டு வெளிர் நீலமாக இருக்கிறது. மூன்று மாதமாக யார் யாரோ "பார்க்கலாம், மழைத்தண்ணியா இருக்கும்" என்றார்கள். பத்து ரூபாய் நீலத்தில் தெரிந்துவிட்டது. வீடியோவும் எடுத்து வைத்திருக்கிறேன்.

வாடகைக்குவிட்டவன் | ஜனவரி 21, காலை 9.20

ஓனர் பக்கத்திலிருந்து ஒரு குரல், கல்லெறியாதீர்கள். பெங்களூரில் வேலை, பெரும்பாக்கத்தில் ஃபிளாட். வாடகை 16,000 வருகிறது, லோன் தவணை 31,000 போகிறது. ஒவ்வொருவரும் காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு தொகை தனி.

ஆபீசில் இருக்கும்போது "சார் லீக்கேஜ்" என்று ஆறு போட்டோ வரும். அதைப் பார்த்து நான் என்ன செய்ய முடியும்? எந்த பிளம்பரை எனக்குத் தெரியும்? ஒத்திப்போடுவேன், மறந்தும் போவேன். அது தப்புதான். ஆனால் போன வருடம் குடியிருந்தவர் வேறு மாதிரி செய்தார். பிளம்பரை அவரே கூட்டி வந்து காட்டி, கூலி இவ்வளவு, பொருள் இவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதி வாங்கி, "சரின்னு ஒரு வார்த்தை போடுங்க, சனிக்கிழமை ஆரம்பிக்கிறோம்" என்று ஒரே மெசேஜ் அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் பணம் போட்டேன். புலம்பலுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாது, எஸ்டிமேட்டுக்குத் தெரியும்.

காரப்பாக்கம்அக்கா | ஜனவரி 21, காலை 9.41

அதாவது வாடகையும் நாங்களே கொடுத்து, உங்கள் வீட்டுக்கு மேஸ்திரி வேலையும் சம்பளமில்லாமல் நாங்களே பார்க்க வேண்டும். நல்ல ஏற்பாடு.

வாடகைக்குவிட்டவன் | ஜனவரி 21, காலை 9.58

அக்கா, நியாயம் என்று சொல்லவில்லை. எது வேகமாக நடக்கிறது என்றுதான் சொன்னேன்.

கோர்ட்டுவாசல் | ஜனவரி 21, மதியம் 12.15

வீடியோ கையில் இருப்பதால் இப்போது மெயில் எழுதலாம். உங்கள் ஓனருக்கு எழுதி, மஸ்கட் ஓனருக்கும் செகரட்டரிக்கும் நகல் போடுங்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதினால் மூன்று பேரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள். எத்தனை நாள் அவகாசம் என்று தேதி போடுங்கள். சுவிட்ச் பக்கம் ஈரம் இருப்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் "தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது.

லிஃப்ட் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் வழுக்கும். தண்ணீர், கரன்ட், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட் போன்றவற்றை ஓனரோ, வீட்டைப் பராமரிப்பவரோ நிறுத்தி வைக்கக் கூடாது என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. ரென்ட் அத்தாரிட்டி இடைக்கால உத்தரவு போடலாம். ஆனால் பழுதாகி நிற்பதும் வேண்டுமென்றே நிறுத்துவதும் ஒன்றா என்று எதிர்த் தரப்பு கேட்கும். உங்கள் ஓனர் அசோசியேஷன் மெம்பர் என்ற முறையில் கணக்குக் கேட்பதுதான் குறுக்கு வழி.

மூன்றாம்மாடி | ஜனவரி 29, இரவு 8.30

ஒழுகல் கதையின் முடிவு. குழாய்வேலை அண்ணன் சொன்னபடி ஒரு பிளம்பரைக் கூட்டி வந்து எஸ்டிமேட் வாங்கினேன். நானி ட்ராப்பைச் சுற்றி நாலு டைல்ஸ் உடைத்து, புது ட்ராப் வைத்து, வாட்டர்புரூஃப் பூசி, தரை முழுக்க டைல்ஸ் இடுக்கை அடைக்கும் எபாக்சி கிரவுட் போட 11,500. வீடியோவையும் எஸ்டிமேட்டையும் வைத்து மூன்று பேருக்கும் ஒரே மெயில். மஸ்கட் ஓனர் மறுநாளே போன் செய்தார்! மூன்று மாதமாக அவருக்கு விஷயமே தெரியாதாம். செகரட்டரியிடம் இருந்தது அவருடைய பழைய நம்பர், நர்ஸ் பெண்கள் கூப்பிட்டதும் அதே நம்பர்தான். வாடகை நேராக அவருடைய அக்கவுன்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பணம் அவரே போட்டார். இரண்டு நாள் வேலை, அந்த இரண்டு நாளும் பெண்கள் எங்கள் வீட்டுப் பொது பாத்ரூமில் குளித்தார்கள்.

இன்னும் சொட்டுகிறது, ஆனால் முன்பு ஒரு நிமிடத்துக்குப் பதினெட்டு, இப்போது நாலு. அண்ணன் சொன்ன பதினைந்து நாளுக்குக் காத்திருக்கிறோம். எங்கள் ஓனர் "சூப்பர் சார், பெயின்ட் நீங்களே அடிச்சுக்கோங்க" என்று மெசேஜ் போட்டிருக்கிறார். இரண்டாம் அட்டவணையைப் படம் பிடித்து அனுப்பினேன். பதில் இல்லை, இரண்டு நீல டிக் மட்டும்.

லிஃப்ட் 54-ஆவது நாள். ஓனர் மூலமாகக் கணக்குக் கேட்டதில் எஸ்டிமேட் 92,000, வசூலானது 41,000 என்று தெரிந்தது. பழையசெகரட்டரி சார் சொன்னது சரிதான், ஒன்பது வீடு கட்டவில்லை. அதில் ஒரு வீடு செகரட்டரியின் மச்சானுடையது.

பழையசெகரட்டரி | ஜனவரி 29, இரவு 9.05

அந்த மச்சான் எல்லா பில்டிங்கிலும் உண்டு.

மூன்றாம்மாடி | பிப்ரவரி 2, மாலை 6.15

இன்று அம்மாவை பிசியோவுக்குக் கூட்டிப் போனேன். திரும்பி வரும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி இல்லை. பொது இடத்தில் சொந்தச் சாமான் வைக்கக் கூடாது என்று செகரட்டரி எடுக்கச் சொன்னாராம். காலையில் யாரோ குரூப்பில் புகார் போட்டிருக்கிறார்கள், மதியத்துக்குள் எடுத்துவிட்டார்கள். அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காரப்பாக்கம்அக்கா | பிப்ரவரி 2, மாலை 6.32

அட கடவுளே. அந்தப் படியிலேயே ஒரு போட்டோ எடுத்து எல்லா ஓனருக்கும் அனுப்புங்கள் தம்பி. கூச்சப்படாதீர்கள்.

மூன்றாம்மாடி | பிப்ரவரி 2, இரவு 9.50

அம்மா போட்டோவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "என்னை எதுக்குடா ஊரெல்லாம் காட்டறே" என்கிறார்.

நாற்காலி திரும்பி வந்துவிட்டது. வாட்ச்மேன் ராத்திரி ஷிஃப்டுக்கு வந்ததும் அவரே தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்தார். காலை ஆறு மணிக்கு எடுத்துவிடுவாராம், பிசியோ நாளில் மட்டும் முதல் நாளே தன்னிடம் சொல்லச் சொன்னார்.